துண்டுக்கடியில் ஐந்து விரல்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். தரகர் கையை நீட்டுவார், வியாபாரி கையைக் கொடுப்பார், மேலே ஒரு துண்டு விழும். அதற்கடியில் விரல்கள் பிடிக்கும், நெரிக்கும், உதறும். எந்த விரலுக்கு எத்தனை ரூபாய் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் வெளிச்சம். சம்பந்தப்பட்ட மாடு உட்பட வேறு யாருக்கும் தெரியாது.

என் தாத்தா அங்கே தரகர். அப்பா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டதால் மாடு பிடிக்க லாயக்கில்லை என்று முடிவாகி, 1968ல் ரயிலேற்றி அனுப்பப்பட்டார். கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டில் ஒரு குஜராத்தி சேட்டின் கிடங்கில் கணக்குப்பிள்ளை வேலை. மிளகு, சுக்கு, மஞ்சள். மாட்டை விட்டார், துண்டை விடவில்லை. தீபாவளியோடு சேட்டுக்குப் பழைய கணக்கு முடிந்து புது நோட்டு போடுவார்கள். அன்றைக்குத்தான் சம்பள உயர்வுப் பேச்சு. அதுவும் துண்டுக்கடியில். சேட்டுக்கு முதல் வருஷம் ஒன்றும் புரியவில்லையாம்; மூன்றாம் வருஷம் அப்பாவின் மோதிர விரலை மட்டும் பிடித்து ஏமாற்றும் அளவுக்குத் தேறிவிட்டார். அப்பா என்ன சம்பளம் வாங்கினார் என்பது அம்மாவுக்குத் தெரிந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு.

கிடங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜூ டவுன். அங்கேதான் மிளகு எக்ஸ்சேஞ்ச். 1957லிருந்து அங்கே மிளகுக்கு முன்பேர வியாபாரம் நடந்தது. அத்தனையும் தொண்டையால். கூடத்தின் நடுவில் நின்று ஆளாளுக்குக் கூவுவார்கள். ஓரத்தில் சின்னச் சின்னத் தொலைபேசிக் கூண்டுகள், அவற்றுக்குள்ளும் கூச்சல். சின்ன வயதில் அந்த ஜன்னல் வழியே பார்ப்பது எங்களுக்கு இலவச சினிமா. அப்பாவுக்கு மட்டும் பிடிக்காது. “வெலையக் கத்திச் சொல்றவனெல்லாம் யாவாரியா கண்ணு?” என்பார்.

இப்படி விலையைப் பொத்திப் பொத்திக் காத்த மனிதர், மற்ற எதையும் மறைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. மறைக்கவும் முடியாது. எங்கள் லைன் வீடுகள் முழுவதற்கும் கிடங்கின் கறுப்பு டெலிபோன்தான் ‘பி.பி. நம்பர்’. பொள்ளாச்சியிலிருந்து டிரங்க் கால் வந்தால் கிடங்குப் பையன் தெருவில் நின்று எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூவுவான். அம்மா ஓடுவாள், கூடவே நாலு பேர் ஓடுவார்கள். கத்திப் பேசினால்தான் அந்தப் பக்கம் கேட்கும் என்பதால், மாமாவின் மூல ஆபரேஷன் விவரம் அன்று மாலைக்குள் கல்வத்திப் பாலம் வரை போய்ச் சேர்ந்தது. போஸ்ட் கார்டு என்றால் இன்னும் வசதி. தபால்காரர் வாசலில் நின்று “நல்ல விசேஷம்தான்” என்று சுருக்கம் சொல்லிவிட்டுத்தான் கார்டைக் கொடுப்பார்.

மலையாளத்தில் ‘ஸ்வகாரியம்’ என்றால் காதோடு காதாகச் சொல்வது. அதிலிருந்து வந்த ‘ஸ்வகார்யத’ என்ற சொல்லைத்தான் பிற்பாடு பத்திரிகைகள் பிரைவசிக்குப் போட்டன. தமிழில் ‘தனியுரிமை’. இரண்டும் எங்கள் லைனில் புழங்கியதில்லை. காதோடு சொல்ல ஒன்றுமில்லை. தனி என்று ஒருவரும் இல்லை.

1999ல் நான் ஒரு கணினி வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, கடை கடையாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அசெம்பிள்ட் பெட்டி. எர்ணாகுளத்தில் ஒரு மாடிக்கடையில் பாகம் பாகமாக வாங்கி, போட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். விண்டோஸ் 98 ஒரு நண்பன் தயவு: மார்க்கரில் எழுதிய சிடி, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய இருபத்தைந்து எழுத்துச் சாவி. எனக்கு அப்போது ஓர் உறுதியான கருத்து இருந்தது. மென்பொருளுக்குக் காசு கொடுக்கிறவன் மடையன். இதைக் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அதே வருஷம் இன்டெல் தன் பென்டியம் 3 சிப் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எண் போட்டது. அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு, புறக்கணிப்பு, கூச்சல். கடைசியில் கம்பெனி பின்வாங்கி, அடுத்தடுத்த சிப்களில் அந்த எண்ணைக் கைவிட்டது. பேப்பரில் படித்துவிட்டு, “சிப்புக்கு நம்பர் போட்டா இவங்களுக்கு எங்க வலிக்குது?” என்று கேட்டவன் நான். பதினொரு வருஷம் கழித்து 2010ல் ஆதார் வந்தது. இம்முறை நம்பர் சிப்புக்கல்ல, எனக்கு. காலை ஆறு மணிக்கே வரிசையில் போய் நின்றேன். பத்து விரல் ரேகையும் கொடுத்தேன். சேட்டுக்கு அப்பா ஒரு சமயத்தில் ஒரு விரல்தான் கொடுத்தார்.

அந்த நாளில் என் கணினியில் இணைய இணைப்பு கிடையாது என்பதால் மெயில் பார்க்க பிரவுசிங் சென்டருக்குத்தான் போவேன். பாலஸ் ரோட்டுப் பக்கம், இக்கா என்று எல்லாரும் கூப்பிடும் ஒருவரின் கடை. ஆறடி உயரப் பிளைவுட் அறைகள், திரைச்சீலை வேறு. உள்ளே வாலிபர்கள் தவம் செய்வார்கள். எல்லாரும் ஒரே ஆறு கணினியில் மாறி மாறி உட்கார்ந்ததால், பிரவுசரில் முதல் எழுத்தைத் தட்டினாலே முன்னால் இருந்தவர் எங்கெங்கே போனார் என்பது வரிசையாக இறங்கும். ஒருமுறை நான் ‘எம்’ தட்டப்போய், பக்கத்துத் தெரு பெரியவர் ஒருவர் தன் மகளுக்கு மாட்ரிமோனியும் தனக்கு வேறொன்றும் பார்த்திருந்தது தெரியவந்தது. அதற்கப்புறம் அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் தலை குனிந்தேன்.

2011ல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதி போட்டது. அடையாள அட்டை காட்டவேண்டும், யார் எப்போது வந்தார் என்ற பதிவேட்டை ஒரு வருஷம் வைத்திருக்கவேண்டும், தடுப்புச் சுவர் நாலரை அடிக்குமேல் போகக்கூடாது. இக்கா ரம்பம் எடுத்துப் பிளைவுட்டை அறுத்தார். வாலிபர்களின் தலைகள் தெரிய ஆரம்பித்தன. அறுத்து முடித்த கொஞ்ச நாளில் எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, கடை மூடப்பட்டது. இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள்.

விளையாட்டிலும் இந்த ஒளிவுமறைவுக் கதை உண்டு. அப்பா காலத்து விளையாட்டு சீட்டு. மாலையில் கிடங்குத் திண்ணையில் ‘அம்பத்தாறு’. காசு கிடையாது; ஆனால் தோற்றவர் காதில் குணுக்கு தொங்கவேண்டும். ஈர்க்கில் கோத்த தென்னங்குரும்பை. அப்பா இரண்டு காதிலும் குரும்பையோடு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் கலைத்துப்போடுவார். தெருவே பார்த்துச் சிரிக்கும். எங்கள் தலைமுறைக்கு இக்கா கடையில் மணிக்கணக்கு வாடகையில் ரோட் ரேஷ், பிறகு வைஸ் சிட்டி. தோற்றால் பின்னால் நிற்கும் நாலு பேருக்குத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் போனில் ரம்மி. 2021 பிப்ரவரியில் கேரள அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்குத் தடை போட்டது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு எல்லா ஆன்லைன் காசு ஆட்டங்களையும் நிறுத்தியது. நடுவில் என்னோடு படித்தவன் ஒருவன் எவ்வளவு விட்டான் என்பது வீடு கைமாறும்வரை அவன் மனைவிக்குக்கூடத் தெரியாது. காதில் குணுக்கு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மென்பொருள் விஷயத்தில் 2014ல் நான் கட்சி மாறினேன். அந்த ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. என் திருட்டு எக்ஸ்பிக்கு யாரும் ஆதரவு கொடுத்ததில்லை என்றாலும் கைவிடப்பட்டதாக உணர்ந்தேன். அப்போது எட்டாம் வகுப்புப் போய்க்கொண்டிருந்த மகள் கேட்டாள்: “நம்ம வீட்ல மட்டும் எந்தானப்பா பழைய சிஸ்டம்? ஸ்கூல்ல உபுண்டுவாக்கும்.”

உண்மைதான். 2001ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அதே வருஷம் பிறந்த ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் மெல்ல மெல்ல அரசுப் பள்ளிக் கணினிகளை எல்லாம் விண்டோஸிலிருந்து குனு/லினக்ஸுக்கு (உபுண்டு அதில் ஒரு வகை) மாற்றிவிட்டது. பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே அதில்தான். திட்டத்துக்கு இப்போது ‘கைட்’ என்று பெயர். இரண்டு லட்சம் கணினிகளில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019ல் கணக்குச் சொன்னார்கள். கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு சந்தேகம்: நாங்கள் எல்லாரும் ஏற்கெனவே இதே தொகையை வேறு வழியில் மிச்சம் பிடித்துக்கொண்டுதானே இருந்தோம்?

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உபுண்டு போட்டுக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து நான் சுதந்திரப் போராளி. மென்பொருளுக்குக் காசு கொடுக்கிறவன் அடிமை. (பழைய கருத்தில் ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது.) இரண்டு வருஷம் டீக்கடையில் இதைப் பிரசங்கம் செய்தேன். பிரின்டர் அச்சடிக்க மறுத்ததைச் சொல்லவில்லை. கணக்கு மென்பொருளான டேலி ஓடாததால் ராத்திரியில் பக்கத்துக் கடை விண்டோஸில் திருட்டுத்தனமாகக் கணக்குப் போட்டதையும் சொல்லவில்லை. 2016ல் சத்தமில்லாமல் விண்டோஸ் 10 வாங்கினேன், பில்லோடு. பில்லை லாமினேட் செய்தேன். ‘காசு கொடுத்து வாங்கியவனுக்குத்தான் நிம்மதி’ என்பது அதன்பின் என் கருத்தாயிற்று.

மறு வருஷம், 2017 ஆகஸ்ட் 24. புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்டவர் எண்பது தாண்டிய ஓய்வு பெற்ற நீதிபதி. டீக்கடையில் எல்லாரும் வரவேற்றோம். அந்த வரவேற்பு எவ்வளவு ஆழம் என்பது 2020ல் தெரிந்தது.

அந்த மார்ச்சில் பத்தனம்திட்டையில் கொரோனா வந்தபோது நோயாளிகள் போய்வந்த இடங்களுக்கு ‘ரூட் மேப்’ வெளியிட்டார்கள். பெயர் இருக்காது. ஆனால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கடை, எந்த வங்கி என்று கட்டம் கட்டமாக அம்புக்குறி போட்டு இருக்கும். அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது கேரளத்தின் தேசிய விளையாட்டாயிற்று. அடுத்த மாதமே ஸ்பிரிங்க்ளர் சர்ச்சை: நோய்க் கண்காணிப்பில் திரட்டிய விவரங்கள் ஓர் அமெரிக்கக் கம்பெனி கைக்குப் போகின்றன என்று. உயர் நீதிமன்றம் பெயர் அடையாளங்களை நீக்கித்தான் கொடுக்கவேண்டும், சம்மதம் வாங்கவேண்டும் என்றது. எங்கள் வாட்ஸாப் குழுவில் கொதித்தார்கள். நான் நீண்ட கண்டனம் எழுதினேன். அதற்கு நேர் கீழே ஒருவர் ஒரு ரூட் மேப்பைப் போட்டு, “மூன்றாவது கட்டத்தில் வரும் பேக்கரி நம்ம தோப்பும்படிதானே?” என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று முதலில் பதில் சொன்னதும் நான்தான்.

அப்புறம் 2025 அக்டோபர் வந்தது. அந்த மாதத்தில் மட்டாஞ்சேரிக்கு இரண்டு செய்தி. ஒன்று, வாட்டர் மெட்ரோ ஒருவழியாக எங்கள் கரைக்கும் வந்தது. இன்னொன்று, 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. ஊர் முதலாவதைப் பேசியது. நான் இரண்டாவதோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். பதினொன்றுக்கு மாறலாமா என்று பரிசோதித்தால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, பிராசசர் பழசு, இந்தக் கணினிக்குத் தகுதியில்லை என்று வந்தது. எல்.ஐ.சி. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மடித்துவைப்பதுபோல் இருந்தது. இன்னொரு வருஷம் பாதுகாப்பு நீட்டிப்பு உண்டாம்; அதற்குப் பணம் கட்டலாம். அல்லது அவர்கள் கணக்கில் நுழைந்து என் அமைப்புகளை எல்லாம் அவர்களிடம் சேமித்துவைத்தால் பணமே வேண்டாம். லாமினேட் செய்த பில்லை எடுத்துப் பார்த்தேன். நிம்மதி பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மகளைக் கேட்டேன். அவள் காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கிறாள். எனக்கு உபுண்டு போட்டுக் கொடுத்த புரட்சிக்காரி இப்போது வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மவுஸைத் தட்டிவிட்டுப் போகிறாள். அசையாவிட்டால் மேலே யாருக்கோ தெரிந்துவிடுமாம். “எது போட்டாலும் சரிதானப்பா, பிரவுசர்தானே பார்க்கப்போறது,” என்றாள். என் மூன்று சித்தாந்தங்களும் அந்த ஒரு வரியில் தீர்ந்தன.

போன வாரம் பொள்ளாச்சிக்கு எடுத்துப்போக ஒரு கிலோ மிளகு வேண்டியிருந்தது. ஜூ டவுன் பக்கம் அப்பா காலத்திலிருந்தே பழக்கமான கடை. கடைக்காரருக்கு எழுபதுக்குமேல் இருக்கும். முன்னால் ஒரு சுற்றுலாக் குடும்பம் 850 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ வாங்கிவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன விலை என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினார். துண்டெல்லாம் இல்லை, கல்லா மறைவு போதும். ஏழு விரல், அப்புறம் இரண்டு. அப்பாவிடம் கற்றதோ என்னவோ. நானும் ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டிக் கட்டினேன்.

கல்லாமேல் இருந்த சவுண்ட் பாக்ஸ் தெரு முனை வரை கேட்கும்படி, மணியான மலையாளத்தில், எழுநூற்று இருபது ரூபாய் கிடைத்ததாக அறிவித்தது.

சுற்றுலாக் குடும்பத்துப் பெரியவர் மெதுவாகத் திரும்பினார். அவர் தமிழர், எண் புரிந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை எடுத்துப் பெட்டிமேல் போட்டு அமுக்கிப் பிடித்தார். அதற்குள் அடுத்த கல்லாவில் யாரோ கட்டிய பணத்தை அது துண்டுக்கடியிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தது.