ஆளில்லாத் தீவு

முதலீட்டாளர்களுக்கு விரித்துக் காட்டப்படும் இலங்கையின் மன்னாரைப் போல ஒரு தீவு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தென்கரை நெடுகிலும் சோளகக் காற்று சும்மா வீசி வீணாகிறது. மணலுக்குள் இல்மனைற் என்ற கனிமம் கிடக்கிறது. கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறதாம். பூநாரைகள் வந்திறங்கிப் படத்துக்கு நிற்கின்றன. இவ்வளவும் உள்ள தீவில் ஆட்கள் மட்டும் இல்லை. ஓலைத்தொடுவாயில் வாடிக்கு முன்னால் குந்தியிருந்து வலை பொத்துகிறவர் அந்தப் படத்தில் தெரியமாட்டார். வாய் திறந்து "இது எங்கட ஊர்" என்று சொன்னால்தான் கண்ணில் படுவார். பட்டதும் அவருக்கு ஒரு பட்டமும் கிடைக்கும்: அபிவிருத்திக்கு எதிரானவர்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் படிப்பதற்குப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறையே இருக்கிறது. சுற்றுச்சூழல் நீதி என்று பெயர். அதன் பிறப்பிடமாகப் பலரும் காட்டுவது அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள வாரன் கவுண்டியை. 1982இல், பிசிபி என்ற நஞ்சு கலந்த மண்ணைப் புதைக்க மாநில அரசுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஓர் ஏழைப் பகுதி தற்செயலாக மிகவும் பொருத்தமாக அமைந்துவிட்டது. சனங்கள் லொறிகளுக்கு முன்னால் வீதியில் படுத்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். மண் புதைக்கப்பட்டது. ஊர்கள் அழுக்கைத் தேடிப் போவதில்லையே, அழுக்கு ஏன் எப்போதும் குரல் குறைந்தவர்களின் வாசலையே தேடிப் போகிறது என்ற கேள்வியை மட்டும் புதைக்க முடியவில்லை.

அறிஞர்கள் அந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்தார்கள். நன்மையும் கேடும் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது பங்கீடு. முடிவெடுக்கும் மேசையில் யாருக்குக் கதிரை கிடைத்தது என்பது பங்கேற்பு. அந்த ஊரவரையும் அவர் தொழிலையும் அவர் அறிவையும் ஒரு பொருட்டாக எடுத்தார்களா என்பது அங்கீகாரம். மன்னாருக்கு இம்மூன்றும் தாராளமாக அளிக்கப்பட்டன என்பதை நன்றியறிதலோடு பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

பங்கீட்டில் முதலில் வந்தது தம்பபவனி. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற். 2020 டிசெம்பரில் திறந்தார்கள். மின்சாரம் நாட்டுக்குப் போனது. போகட்டும், காற்று எவருடைய சீதனமும் அல்ல. எங்களுக்குக் கிடைத்த பங்கு வேறு வகை. காற்றாலைகளுக்காகப் போட்ட பாதைகள் மழைநீர் கடலுக்கு ஓடும் வழியை மறித்துவிட்டன என்றும், முன்பு வடிந்த வெள்ளம் இப்போது வீட்டுக்குள் நிற்கிறது என்றும் சனங்கள் சொல்கிறார்கள். ஒரு பொறியியலாளர் சொன்னால் அது தரவு. முழங்கால் தண்ணீரில் நிற்கிற பெண் சொன்னால் அது முறைப்பாடு.

மணலின் கதை இதையும் விடச் சுவையானது. அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான டைட்டேனியம் சாண்ட்ஸ் என்ற நிறுவனம் தீவெங்கும் துளையிட்டுப் பார்த்துவிட்டுத் தன் பங்குதாரர்களுக்கு நற்செய்தி சொன்னது: 31 கோடி 80 இலட்சம் தொன் மணல், அதில் ஏறத்தாழ 4 சதவீதம் பாரக் கனிமம். பெயின்ற் வெள்ளையாக இருப்பதற்கு வேண்டிய டைட்டேனியம் அதற்குள்தான் இருக்கிறது. மிச்சம் 96 சதவீதத்தை என்ன செய்வார்கள்? எடுத்த இடத்திலேயே திரும்பப் போட்டு நிரவிவிடுவார்களாம். வீட்டை இடித்து, ஆணிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, கல்லையும் ஓட்டையும் முற்றத்தில் கொட்டிவிட்டு "இந்தா உன் வீடு" என்று சொல்வதைப் போன்ற நேர்மை இது.

தீவில் கிணறு வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். இங்கே நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேல் மெல்லியதாக மிதந்துகொண்டிருக்கும் மழைநீர். அதைத் தாங்குவதும் வடிப்பதும் அடுக்கடுக்காகப் படிந்த அந்த மணல்தான். கிளறிவிட்ட மணல் பழைய மணலாக நடந்துகொள்ளாது. பல இடங்கள் கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் இந்தத் தீவில் பள்ளம் தோண்டினால் அதை நிரப்பக் கடல் காத்திருக்கிறது. கிணறு உவர்த்துப்போனால் பனை மட்டும் நிற்கும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. இந்த அறிவுக்குப் பங்குச் சந்தையில் விலையில்லை.

பங்கேற்புக்கு வருவோம். இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை போட வந்தது. கேள்விப்பத்திரம் இல்லை, போட்டி இல்லை. 2022 ஜூனில் மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் கோப் குழு முன்னால், இந்தியப் பிரதமரின் அழுத்தம் காரணமாக இதைக் கொடுக்குமாறு அன்றைய ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். தலைவரும் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று பேச்சை மீளப் பெற்று, பதவியையும் விட்டுப் போனார். இந்த நாட்டில் ஓர் அதிகாரி உணர்ச்சிவசப்பட்டால்தான் பொதுமக்களுக்கு ஏதாவது தகவல் கிடைக்கிறது. 2024இல் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடத்துக்கு என்று விலை ஒப்புக்கொண்டார்கள். சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. ஆட்சி மாறியது, புதிய அரசு விலையைக் குறைக்கக் கேட்டது, 2025 பெப்ரவரியில் அதானி விலகியது. பின்னர் போட்டிக் கேள்வியில் 50 மெகாவாற் திட்டத்தை ஓர் உள்நாட்டு நிறுவனம் பெற்ற விலை 4.65 சதம். கிட்டத்தட்டப் பாதி. முன்னேற்றத்துக்குத் தடை என்று வசை வாங்கியவர்களுக்கு இதற்காக ஒரு நன்றிக் கடிதமாவது வந்ததா என்றால், வந்தது. பொல்லோடு வந்தது.

இந்த 50 மெகாவாற் திட்டத்திலும் இன்னொரு புதிய திட்டத்திலுமாக 14 காற்றாலைகள். 2025 ஓகஸ்டில் அவற்றின் பாகங்கள் தீவுக்குள் வரத் தொடங்க, சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஓகஸ்ட் 13இல் ஜனாதிபதி ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்தினார். அந்த ஒரு மாதத்துக்குப் பெயர் கலந்துரையாடல். மாதம் முடிந்தது, வேலையைத் தொடரச் சொன்னார்கள். செப்டெம்பர் 26 இரவு பாரவூர்திகளுக்குப் பொலிசார் வழி எடுத்துக் கொடுத்தார்கள். பெண்களும் பாதிரிமாரும் அடிபட்டார்கள். 29ஆம் திகதி மன்னார் கடையடைத்தது. வாரன் கவுண்டியில் நஞ்சை ஏற்றிய லொறி; இங்கே பசுமையை ஏற்றிய லொறி. வீதியில் விழுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகப் புலப்படுவதில்லை.

அங்கீகாரம் பறவைகளுக்குக் கிடைத்திருக்கிறது. கூட்டமாகப் பறந்து வந்தால் ராடார் கண்டுபிடித்துக் காற்றாலையை நிறுத்தும் ஏற்பாடு இருக்கும் என்றார்கள். நல்ல விடயம்தான். பூநாரைக்காக நிற்கக்கூடிய இயந்திரம் மீனவனுக்காக நிற்காதது ஏன் என்று கேட்டால் அதற்குரிய ராடார் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. சூழல் இயக்கங்களுக்குள்ளேயே உள்ள பழைய சண்டை இது. ஒருவருக்குச் சூழல் என்பது தொலைநோக்கியில் தெரியும் சிறகு. இன்னொருவருக்கு அது மத்தியானச் சோறு.

கொழும்பிலிருந்து ஒரு நியாயமான குரலும் வரும்: காற்றாலை வேண்டாம் என்றால் நிலக்கரியா? அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பலை மூச்சாக இழுப்பவர்களும் கடற்கரை ஏழைகள்தான். ஆனால் இங்குள்ளவர்கள் காற்றைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இந்தச் சின்னத் தீவுக்குள் இனியும் வேண்டாம், பெருநிலத்தில் இடம் பாருங்கள் என்கிறார்கள். நோர்வேயின் ஃபோசனிலும் 151 காற்றாலைகளை நட்டுவிட்டுத்தான் விசாரித்தார்கள். அவை சாமி பழங்குடியினரின் மான்மேய்ச்சல் உரிமையை மீறுகின்றன என்று 2021இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தீர்ப்புக்குப் பிறகும் காற்றாலைகள் சுற்றின என்பது வேறு கதை.

எங்கள் நீதிமன்றமும் ஊமையல்ல. எப்பாவலையில் பொஸ்பேற் அகழ்வுக்கு எதிராக ஏழு கிராமத்தவர் போட்ட வழக்கில், இயற்கை வளத்துக்கு அரசு காப்பாளன் மட்டுமே, முறையான ஆய்வில்லாமல் ஒப்பந்தம் கூடாது என்று 2000இல் தீர்ப்பானது. சுன்னாகத்தில் கிணற்றில் எண்ணெய் மிதந்த வழக்கில் 2019இல் மின் நிறுவனம் ஊரவர்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டி வந்தது. சட்டம் இருக்கிறது. அது மன்னார்ப் பாலத்தைக் கடக்கத்தான் பிந்துகிறது.

ஆகவே அரசின் கவனத்துக்கு ஒரு திட்டம். கொழும்புக் காலிமுகத்திடலிலும் கடற்காற்று நன்றாகவே வீசுகிறது. 14 காற்றாலைகளை அங்கே நடலாம். கறுவாத்தோட்டத்தின் முற்றங்களில் ஆளைக் கேட்காமல் 12 மீற்றருக்குத் துளையிட்டு மண்ணைச் சோதிக்கலாம். சூழல் அறிக்கை தமிழில் மட்டும் அச்சிடப்பட்டு, மன்னார் கச்சேரியில் அலுவலக நேரத்தில் 30 நாளைக்குப் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொல்ல விரும்பும் கொழும்புவாசிகள் பஸ் ஏறி நேரில் வரவேண்டும். தங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்வதை விஞ்ஞான ஆதாரத்துடன் மூன்று பிரதிகளில் தரவேண்டும். அதற்குப் பிறகும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, இரவில், வீதியில் வைத்து விளக்கம் அளிக்கப்படும்.