பெயர்ப்பலகைக்கு ஒரு பாரம்பரிய அந்தஸ்து

அனுப்புநர்: லஸ் பக்கத்து அடுக்ககம் ஒன்றின் குடியிருப்போர் சங்கச் செயலாளர், மயிலாப்பூர்.

பெறுநர்: பாரம்பரியக் கட்டடங்களைக் காத்தருளும் உயரதிகாரி அவர்கள்.

பொருள்: எங்கள் வாசல் பெயர்ப்பலகையைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

முதலில் நன்றி. நீதியரசர் பத்மநாபன் குழு சென்னையில் 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கச் சொல்லி 2010இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. அவசரப்படாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் நன்றி. அந்த இடைவெளியில் பில்டர்கள் உங்கள் வேலைப்பளுவை எவ்வளவு குறைத்துவிட்டார்கள் பாருங்கள்! இல்லாத வீட்டுக்கு கிரேடு போட வேண்டாம். சுண்ணாம்பு அரைக்க ஆள் தேட வேண்டாம். மழைக்கு ஒழுகுகிறது, மராமத்துக்கு அனுமதி கொடுங்கள் என்று எந்தக் கிழவரும் தங்கள் படியேற மாட்டார்.

எங்கள் பேட்டையின் பழைய மனிதர்களுக்கு இந்த நிதானம் கிடையாது. 1906இல் அர்பத்நாட் வங்கி மூழ்கி ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார். மறு வருடமே இந்தியன் வங்கி திறந்துவிட்டது. இப்படிப் பதறுகிறவர்கள் கட்டிய பங்களாக்கள் எப்படி நிலைக்கும்?

எங்கள் அடுக்ககம் நிற்பதும் ஒரு வக்கீல் வீட்டு மண்ணில்தான். வாரிசுகள் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் அமெரிக்காவில். பர்மா தேக்கு உத்தரம், அதன்மேல் செங்கலைக் குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை, வெயிலே நுழையாத முன்தாழ்வாரம். ஜேசிபிக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தேக்கெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதோ ஒரு ரிசார்ட்டில், இரவு வாடகைக்குப் பாரம்பரியம் காட்டிக்கொண்டிருக்கிறதாம். மாமரத்தை பில்டர் வெட்டவேயில்லை, பிரோஷரில். பங்களாவின் பெயரை மட்டும் எங்களுக்கே விட்டுக்கொடுத்து, பின்னால் ‘ஹெரிடேஜ் என்கிளேவ்’ என்று சேர்த்தார். அந்த இரண்டு வார்த்தைக்குச் சதுர அடிக்கு நாங்கள் அழுத கூடுதல் தொகையில், வெளியூரில் தனி வீடே கட்டியிருக்கலாம். ஆகவே இந்த மனையில் காப்பதற்கு மிஞ்சியது அந்தப் பலகைதான். முதல் கிரேடு கேட்கவில்லை. கடைசி கிரேடு போதும்.

கூடவே ஒரு விண்ணப்பம். பக்கத்து மனையில் இன்னும் ஒரு ஓட்டு வீடு நிற்கிறது. அபூர்வமான வீடு, உடனே பாதுகாக்க வேண்டும். அது போய்விட்டால் எங்கள் பால்கனிக்குக் காற்று வராது. எங்கள் பங்களாவை இடித்தபோது எதிர்வீட்டுக்காரரும் இதே காற்றுக்காக மனுப் போட்டாராம். கோப்பைத் தேடி எடுத்தால் வாசகத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம், தேதியை மாற்றினால் போதும்.

பரிசீலனை முடிவதற்குள் அந்த வீடும் விழுந்துவிட்டால், மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். அங்கே எழும்பப்போகும் அடுக்ககத்தின் பெயர்ப்பலகைக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்.

இணைப்பு: பலகையின் புகைப்படம் (எல்இடி எரியும்போது எடுத்தது).