ஏஸைக் கண்டா கை துறுதுறுக்குதா கண்ணு?

வா கண்ணு, உக்காரு. பிரிட்ஜு கத்துக்கிட்டு வந்திருக்கறயாமா! கையில ஏஸு இருந்தா டப்புன்னு மேசையில அறையோணும்னு யாரு சொல்லிக்குடுத்தாங்க? மூணாவதா போடறவன் பெரிய சீட்டைப் போடோணும்னு பொஸ்தகத்துல இருக்குதா? இருக்கும். கூடவே புத்தியையும் போடோணும்னு அடுத்த பக்கத்துல இருக்கும், நீ திருப்பியிருக்க மாட்டே.

துருப்பில்லாத ஆட்டம்னு வெச்சுக்க. உன்ற ஜோடி ஆர்ட்டின்ல 7 எறக்கறான். டம்மியில விரிச்சு வெச்சது ராஜா, 9, 3. அதுல 3 விழுகுது. உன்ற கையில ஏஸு, ஜாக்கி, 2. ஜோடி எறக்குனது அவங்கிட்ட இருக்கற நாலாவது பெரிய சீட்டு. அப்படி எறக்குனா ஒரு கணக்கு இருக்குது, எறக்குன சீட்டை 11-ல கழிக்கோணும்: 11-ல 7 போனா 4. ஏழுக்கு மேல மத்த மூணு கையிலயும் சேர்த்து நாலே சீட்டு. டம்மியில ரெண்டு, உங்கிட்ட ரெண்டு. ஏலம் எடுத்த மவராசன்கிட்ட? ஒண்ணுமில்ல!

அதனால 2 போடு சாமி. ஜோடியோட ஏழே பிடி எடுத்துக்கும். அவன் மறுக்காவும் ஆர்ட்டினே எறக்குவான். டம்மியில ராஜா வந்தா ஏஸை வை. 9 வந்தா ஜாக்கியை வெச்சுப் பிடி எடு, அடுத்து ஏஸை எறக்கு, தனியா நிக்கற ராஜா விழுந்தான். முதல்லயே ஏஸை அறைஞ்சிருந்தியானா அந்த ராஜா ஒரு பிடியைத் தூக்கிட்டு மீசையை முறுக்கியிருப்பான்.

இன்னொண்ணு, புள்ளிக் கணக்கு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. கட்டு முழுக்க 40. ஏலத்துல ஒரு நோட்ரம்ப்புன்னு ஆரம்பிச்சவன் 15-லிருந்து 17 இருக்குதுன்னு அவனே மடியை அவுத்துக் காட்டிப்போட்டான். டம்மியில 10, உங்கிட்ட 9. மிச்சம் ஜோடிகிட்ட 4-லிருந்து 6. ஆர்ட்டின் ராணி அவங்கிட்டத்தான்னு இப்பத்தான் கண்டுபிடிச்சோம், அதுக்கு 2 போச்சு. மிஞ்சிப்போனா இன்னொரு ஏஸு. அதுக்கு மேல ஆசைப்பட்டுப்போட்டு, அப்பறம் அந்தப் பாவத்தை முறைக்காதே.

கிழவனுக்கு எதுக்கு இந்தக் கணக்குன்னு இளிக்கறயா? 2018-ல ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல இதே ஆட்டத்துல தங்கம் வாங்குன பிரணாப் பர்தனுக்கு வயசு 60, சிப்நாத் சர்க்காருக்கு 56.

சீட்டை வெக்கறதுக்கு முன்னால எண்ணு கண்ணு. வெச்ச பொறவு எண்ணறவனுக்குக் கிளப்புல டீக்குக் காசு குடுக்கற வேலைதான்.