வீட்டிலிருந்தே தோட்டா தயாரிக்கலாம்!

ஊறுகாய், ஊதுவத்தி, காளான் வளர்ப்பு என்று சுயதொழில் கட்டுரைகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு ஒரு நற்செய்தி. நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவரா? கார் ஷெட்டில் ஒரு மேசை போட இடமிருக்கிறதா? போதும். சுடுதளத்தில் உதிர்ந்து கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து சுத்தம் செய்து, தீ மூட்டும் பிரைமரை மாற்றி, வெடிமருந்து நிரப்பி, முனையில் குண்டைச் செருகினால் சரக்கு தயார். ‘ரீலோடிங்’ என்பார்கள். பழைய பொருளைத் திரும்பப் பயன்படுத்துவதால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது. சாகிறவர்களைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

முதலில் உரிமம். சொந்தத் தேவைக்கென்றால் மத்தியச் சட்டப்படி அதுவும் வேண்டாம். செய்து விற்பதென்றால் ஏடிஎஃப் என்ற மத்திய முகமையிடம் ‘06’ வகை உரிமம் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தோடு புகைப்படமும் கைரேகையும் கொடுங்கள். கட்டணம் மூன்றாண்டுக்கு 30 டாலர். பயிற்சி? கேட்க மாட்டார்கள். தேர்வு? கிடையாது. இதே நாட்டின் பல மாநிலங்களில் அடுத்தவர் தலைமுடியை வெட்ட 1,000 மணி நேரத்துக்கும் மேல் படித்துத் தேர்வு எழுத வேண்டும். வெட்டிய முடி மறுபடி வளரும் என்று அங்கே சட்டம் இயற்றுகிறவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நீங்கள் செய்த சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரருக்கு அந்த 30 டாலர் செலவும் இல்லை. ஒரு காலத்தில் தோட்டா விற்கவும் மத்திய உரிமம் தேவைப்பட்டது. 1986இல் வந்த ‘துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம்’ அதை நீக்கிவிட்டது. பாவம், துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு பாதுகாப்பு தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்தது வரி. தோட்டாவுக்கு 11 சதவீதம் கலால் வரி. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு பெட்டியாலும் மானும் காட்டு வாத்தும் நலம் பெறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். அவர்கள் வனவிலங்குப் பட்டியலில் இல்லை.

இனி காப்பீடு. கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். உங்கள் வீட்டு பாலிசி பொதுவாக வீட்டில் நடக்கும் தொழிலை ஏற்காது. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி, வீட்டில் 20 பவுண்டு புகையில்லா மருந்தை அதன் அசல் டப்பாவில் வைக்கலாம். 50 பவுண்டு வரை என்றால் ஓரங்குல மரப்பெட்டி வேண்டும். பிரைமர் 10,000க்கு மேல் கூடாது. இவற்றையெல்லாம் கேட்ட பிறகுதான் காப்பீட்டு நிறுவனம் தனி பாலிசி பற்றிப் பேசும். மருந்தை எப்படி எடை போடுகிறீர்கள், எந்த நாளில் செய்த சரக்கு எந்தப் பெட்டியில் போனது என்று பதிவேடு உண்டா, ஒரே கூட்டில் இரண்டு தடவை மருந்து விழாமல் யார் பார்க்கிறார்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அமெரிக்காவில் தோட்டாவைக் கண்டு மனதார நடுங்குகிற ஒரே பிறவி காப்பீட்டுக்காரர்தான்.

ஆனால் அவருடைய நடுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. உங்கள் தோட்டாவில் மருந்து கூடிப்போய், வாடிக்கையாளரின் துப்பாக்கி வெடித்து, அவர் விரல் போய்விட்டால் வழக்கு வரும், இழப்பீடு வரும், பிரீமியம் ஏறும். அதே தோட்டா பழுதின்றிப் புறப்பட்டு, ஒரு திரையரங்கில் உட்கார்ந்திருந்த பெண்ணின் உடலுக்குள் போனால் அது தரமான சரக்கு. 2005இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். செனட்டில் 65 பேரும் கீழவையில் 283 பேரும் வாக்களித்து நிறைவேற்றினார்கள். வாங்கியவன் செய்யும் குற்றத்துக்கு, சில விதிவிலக்குகள் தவிர, செய்தவர் மீதும் விற்றவர் மீதும் வழக்குப் போட முடியாது.

திரையரங்கு கற்பனையல்ல. 2012இல் கொலராடோ மாநிலத்தின் அரோராவில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் ஆயிரக்கணக்கில் தோட்டாக்களை இணையத்தில் வாங்கியிருந்தான். மகளைப் பறிகொடுத்த பெற்றோர், விற்ற கடைமீது வழக்குப் போட்டார்கள். இழப்பீடு கேட்கவில்லை, இனிமேல் விசாரித்து விற்கட்டும் என்றார்கள். வழக்கு தள்ளுபடியானது. கடைத்தரப்பின் வழக்கறிஞர் செலவாக 2 லட்சம் டாலருக்கும் மேல் அந்தப் பெற்றோரே கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. பிள்ளையைச் சுட்டதற்கான செலவை அப்பா அம்மாவிடமே வசூலிக்கும் நாட்டில் தோட்டா வியாபாரி எதற்குப் பயப்பட வேண்டும்?

சட்டம் அப்படியொன்றும் தூங்கிவிடவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2017இல் லாஸ் வேகஸ் இசைவிழாவில் 60 உயிர்களைப் பறித்தவனின் ஓட்டல் அறையில், சுடப்படாமல் கிடந்த சில தோட்டாக்களில் வேறொருவரின் கைரேகை இருந்தது. அரிசோனாவில் வீட்டிலிருந்தே தொழில் செய்தவர். அவருக்கு 13 மாதச் சிறை கிடைத்தது. எதற்கு? அந்தக் கையில் தோட்டாவைக் கொடுத்ததற்கா? விற்றது குற்றமே இல்லை. உரிமம் எடுக்காமல் தயாரித்ததுதான் குற்றம்.

ஆகவே, தொழில்முனைவோரே, தயங்காதீர்கள். விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்புங்கள். மருந்தைச் சரியாக எடை போடுங்கள். உங்கள் சரக்கு ஒருபோதும் பழுதாகிவிடக் கூடாது. வாங்கியவர் விரலுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சுடப்பட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று 348 மக்கள் பிரதிநிதிகள் உங்களுக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிரீமியம்கூடக் கிடையாது.