எம்-சீல் வைத்தியனுக்கு அப்பாரு சொல்ற ரோசனை

வா கண்ணு, திண்ணையில உக்காரு. ஏன், மொகத்துல எண்ணெய் வழியுது? ஓ, வழியறது மொகத்துல இல்லையா, புல்லட்டுலயா?

1978 மாடல் வண்டிய வாங்கிட்டு வந்து, ஊரு பூரா டுப்பு டுப்புன்னு சுத்திக் காட்டுன அன்னிக்கே நெனச்சேன், இந்தப் பய சீக்கிரமே நம்ம திண்ணைக்கு வருவான்னு. சித்தெ குனிஞ்சு பாத்தேன். எஞ்சின் அடியில ஒரு வெரல் நீளத்துக்குக் கீறல், அதுக்கு மேல அரைப் பாக்கெட்டு எம்-சீல். அதையும் எண்ணெய் ஒழுவ ஒழுவவே அப்பியிருக்கறே. சளி ஒழுவுற மூக்குல பொட்டு ஒட்டுனாப்ல இருக்குது.

வேகத்தடை இடிச்சிருச்சுங்கறே. இடிக்காம என்ன பண்ணும்? அந்தப் பழைய புல்லட்டு சட்டத்துல எஞ்சினுக்குக் கீழ குழாயே கெடையாது. முன்னால தகடு, பின்னால தகடு, நடுவுல எஞ்சின் தொட்டில்ல கெடக்கற புள்ளையாட்டத் தொங்குது. ரோட்டுக்கும் உள்ள இருக்கற எண்ணெய்க்கும் நடுவுல கேசிங்குங்கற ஒரே ஒரு அலுமினியச் செவுருதான். மெதுவா ஏறி எறங்கோணும். பின்னால யாரோ உக்காந்திருந்தாங்களாமே, அதனால வெசையாப் போனியாமே. நான் ஒண்ணுங் கேக்கல சாமி.

வேற கேசிங் வாங்கி மாட்டிக்கலாம்னு உன்ற சினேகிதன் சொன்னானாக்கும்? சொல்லுவான், அவன் வண்டியா? கேசிங்கு ரெண்டு பாதி. ரெண்டையும் ஒண்ணாப் பூட்டி வெச்சுத்தான் பேரிங் உக்கார்ற ஓட்டையக் கடைவாங்க. புருசன் பொண்டாட்டியாட்ட, ஜோடி மாத்துனா கிராங்க் நேரா உக்காராது. அதுக்கும் மேல ஒண்ணு, எஞ்சின் நம்பர் குத்தியிருக்கறது அந்தக் கேசிங்குலதான். வண்டியில ஒரு நம்பரு, ஆர்.சி. புக்குல ஒரு நம்பருன்னா, ஆர்.டி.ஓ. ஆபீசுல கடங்காரனாட்டக் கையக் கட்டிட்டு நிக்கோணும். மூடி ஒடைஞ்சா வேற மூடி வாங்கலாம். இது பானை கண்ணு.

திருவொற்றியூர்ல 1955ல ஆரம்பிச்ச புல்லட்டுச் சோலி இது. மொதல்ல இந்த வண்டியப் பண்ணுன இங்கிலீசுக்காரன் அவன் ஊரு ரெட்டிச்சுல கடையவே மூடிட்டான், நம்மாளுக மூடல. 1977ல அவன் ஊருக்கே இங்கிருந்து புல்லட்டு ஏத்துமதியாச்சு. அப்பேர்ப்பட்டத நீ எம்-சீல்ல ஒட்டப் பாக்கறே.

கேட்டுக்கோ. மொதல்ல எஞ்சின எறக்கிப் பூராவும் பிரிக்கோணும். வண்டியில இருக்கறப்பவே வெல்டு வெக்கலாம்னு எவனாச்சும் சொன்னா, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு. பொறவு கீறலு எங்க முடியுதுன்னு பாரு. உன்ற கண்ணுக்குத் தெரியறது பாதிதான். மண்ணெண்ணெயத் தடவி, நல்லாத் தொடச்சுட்டு, மேல சாக்பீசுப் பொடியத் தூவு. சித்த நேரத்துல கீறலுக்குள்ள ஒளிஞ்ச மண்ணெண்ணெய் கோடாட்ட மேல வரும். அந்தக் கோடு முடியற ரெண்டு எடத்துலயும் மூணு மில்லி ஓட்டை போட்டா அதுக்கு மேல ஓடாது. அப்பறம் கீறலு நெடுக வாய்க்காலாட்ட நோண்டோணும்.

இனித்தான் உனக்குப் புடிக்காத வேலை. கழுவோணும். வார்ப்பு அலுமினியம் பஞ்சாட்ட, நாப்பது வருசத்து எண்ணெயக் குடிச்சிட்டு உக்காந்திருக்குது. காய்ச்சு, எண்ணெய் வேர்த்து வரும், தொட. மறுக்காக் காய்ச்சு, மறுக்காத் தொட. துணி அழுக்காகறது நிக்கற வரைக்கும். செல்போன அந்தப் பக்கம் வெச்சுட்டுச் செய்யி. தேய்க்கறதுக்குத் துருப்புடிக்காத ஸ்டீல் பிரசு புதுசா வாங்கோணும், இரும்பத் தேச்ச பிரசு ஆகாது. எங்காலத்துல கணபதிப் பக்கம் லேத்துப் பட்டறையில நாளெல்லாம் இதே சோலிதான், வெல்டு வெக்கறது என்னமோ அரை மணி நேரம்.

வெல்டு ஆர்கான்லதான், அதுவும் ஏ.சி. கரண்டுல. ஏன்னு கேளு. அலுமினியம் 660 டிகிரியில உருகிரும். ஆனா மேல இருக்கற ஆக்சைடுத் தோலு 2000 டிகிரிக்கு மேலதான் உருகும். பால் மேல ஏடு கட்டுனாப்ல, உள்ள தண்ணியாயிருக்கும், மேல ஒண்ணுமே தெரியாது. ஏ.சி. கரண்டு அந்தத் தோலப் பேத்துப் பேத்து எடுக்கும். இரும்பாட்டச் செவந்து காட்டவுங் காட்டாது. நல்ல மாப்பிள்ளையாட்டச் சும்மா நின்னுட்டிருக்கும், திடீர்னு மொத்தமாக் கீழ ஊத்திரும். அதனால கை பழகுன ஆளத் தேடிப் போ. சிலிக்கான் கலந்த கம்பி போடச் சொல்லு. ரெண்டு பாதியையும் போல்ட்டுப் பூட்டி வெச்சு அடிக்கச் சொல்லு, இல்லாட்டி வாழையெல காஞ்சாப்லச் சுருட்டிக்கும். மொதல்லயே சூடேத்தோணும், ஒரு சொட்டுத் தண்ணி விட்டாக் குதிச்சு ஓடோணும். முடிஞ்சதும் காத்துல காட்டாம அடுப்புச் சாம்பல்ல பொதச்சு வெய்யி, காலையில எடுத்துக்கலாம். வெடுக்குன்னு ஆறுனா பக்கத்துலயே புதுசாக் கீறும்.

எடுத்ததும் ரெண்டு பாதியும் சேர்ற மொகத்த எமரி பேப்பர வெச்சுப் பளபளன்னு தேச்சராதே. உன்ற கை அரிக்கும், தெரியும். தேய்க்கத் தேய்க்க உள்ள கிராங்க்குக்கு எடம் கொறையும். வெல்டு பொம்முன எடத்த மட்டும் நோகாம அரம் போட்டு எறக்கு. கண்ணாடிப் பலகை மேல வெச்சு ஆடுதான்னு பாரு.

கடைசியா, வெல்டு வெச்ச பாதிய மல்லாக்க வெச்சு உள்ள மண்ணெண்ணெய் ஊத்தி, அடியில பழைய பேப்பர விரிச்சுட்டுப் போய்த் தூங்கு. காலையில பேப்பரு காஞ்சிருந்தா பூட்டு. நனஞ்சிருந்தா மொதல்ல இருந்து ஆரம்பி, எங்கிட்ட அழுவாதே.

அந்த எம்-சீலு மிச்சம் அரைப் பாக்கெட்டு இருக்குதல்ல? அதக் குடுத்துட்டுப் போ. ஆட்டுக்குத் தண்ணி வெக்கற தொட்டி நாலு நாளா ஒழுவுது.