லேவியராகமம் வரைக்கும்

வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. ஐம்பத்திரண்டு வாரத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தையும் முடித்துவிட்டு, ஏழு அதிகாரத்துக்கு இடம் மிச்சம் வைத்திருக்கலாம். இந்தக் கணக்கில் குறையே கிடையாது. போட்டவர் பினாங்கு வெயிலில் மத்தியானச் சோறு சாப்பிட்டவராக இருக்கமாட்டார், அவ்வளவுதான்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் சபையில் இரண்டு அட்டைகள் கொடுப்பார்கள். ஒன்று வாக்குத்தத்த அட்டை. அதில் கடவுள் நமக்கு என்ன செய்வார் என்று இருக்கும். மற்றது வேதவாசிப்பு அட்டவணை. அதில் நாம் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். முதல் அட்டை வருஷம் முழுக்கக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். இரண்டாவது அட்டை பிப்ரவரியில் எங்கே போகிறது என்று எந்தக் கிறிஸ்தவக் குடும்பமும் வெளியே சொன்னதில்லை.

இந்த மாதிரி அட்டவணைகளில் பேர்பெற்றது ராபர்ட் மரே மெக்ஷேன் போட்டது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர். 1842 டிசம்பரில் தன் சபையாருக்காக எழுதிக் கொடுத்தார்: நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம், வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. 1843 மார்ச்சில் டைபஸ் காய்ச்சல் கண்டு, முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். ஆக, அட்டவணை போட்டவரே அந்த வருஷத்து அட்டவணையை முடிக்கவில்லை. இந்தச் சரித்திர உண்மையை நான் வீட்டில் எடுத்துச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "அவரு செத்துப்போனதால நிறுத்தினாரு. நீங்க என்ன காரணத்துக்குங்க நிறுத்துனீங்க?"

காரணம் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது தண்ணீர்மலை அடிவாரம்.

கணக்கைத் திரும்பவும் பாருங்கள். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. இரண்டும் சேர்ந்து 90. ஆதியாகமம் தானாக ஓடும். அண்ணன் தம்பி சண்டை, மாமனார் மோசடி, பஞ்சம் பிழைக்கப் போன இடத்தில் பெரிய உத்தியோகம் என்று நம் குடும்பங்களில் நடக்காத எதுவும் அதில் இல்லை. யாத்திராகமத்தில் கடல் பிளக்கும் வரை வேகம் குறையாது. அப்புறம் கூடாரத்துக்கு எத்தனை பலகை, எத்தனை கொக்கி, எத்தனை திரை என்று அளவு வரும். அதையும் பல்லைக் கடித்துத் தாண்டிவிடலாம். ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்தின் வாசலுக்கு வந்து நிற்போம். தைப்பூசமும் ஜனவரிப் பாதிக்கும் பிப்ரவரிப் பாதிக்கும் நடுவில்தான் வரும். 2026-இல் பிப்ரவரி 1. அட்டவணை போட்டவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைச் சாலை எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பினாங்கு வீதியிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்பட்டு வரும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. வழி நெடுக மலை மலையாகக் குவித்த தேங்காய்கள் உடைபடும். தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஒரு ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் வேறு பாட்டு. காவடியும் பால்குடமும் விடிய விடிய நகரும். 2012-இல் திறந்த மலைக்கோயிலுக்கு 513 படி ஏறும். இந்தச் சத்தத்துக்கு நடுவே, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நான் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி ஆகியவற்றின் வேறுபாட்டைப் பிடித்து வைக்க வேண்டும். காலைக் கோப்பிக்கு முன்னால் குண்டிக்காய், கொழுப்பு, ஜவ்வு.

லேவியராகமத்தில் எனக்கு உண்மையாகவே உறைத்த இடம் பதினான்காம் அதிகாரம். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்து தடம் தெரிந்தால் ஆசாரியனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். அவர் வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார். தடம் பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் வீட்டையே இடிக்க வேண்டியதுதான். மலையடிவார ஈரத்தில் எங்கள் குளியலறைச் சுவர் வருஷம் முழுக்கப் பச்சை. அந்த அதிகாரத்தை வாசித்த அன்று டார்ச் விளக்கோடு போய் நீளம் அகலம் பார்த்தேன். போதகருக்குப் போன் போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "பெயின்ட்காரனுக்குப் போடுங்க, போதகருக்கு வேற வேலை இருக்கு" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எங்கள் அட்டவணை அத்துப்படி. மகனுக்கு நிரந்தர வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறார். விரத நாட்களில் மாமிசம் இல்லை, தரையில் பாயில் படுக்கை. வேலி ஓரத்தில் துணி காயப்போட்டபடி என்னிடம் கேட்பார்: "என்ன தம்பி, அந்த ஆடு மாடு வெட்டுற புத்தகம் வந்துருச்சா?" வந்துவிட்டது என்பேன். "அப்படின்னா பூசம் நெருங்கிருச்சு" என்று உள்ளே போய்விடுவார். வேதவாசிப்பை நாள்காட்டியாகப் பயன்படுத்துகிறவர் இந்தத் தீவில் அவர் ஒருவர்தான்.

பாக்கி விழுந்த அதிகாரங்களை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாகத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வனாந்தரத்தில் மன்னா விழுந்த கதை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழு வைத்து நாறும். ஓய்வுநாளுக்காக முதல்நாள் சேர்த்தது மட்டும் கெடாது. என் சனிக்கிழமை வாசிப்பு இதில் எந்தப் பிரிவில் சேரும் என்று சபையில் கேட்டேன். அதைப் பற்றி அடுத்த வாரம் தியானிக்கலாம் என்றார்கள். எந்த அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

காதால் கேட்கும் வேதாகமம் வந்த பிறகு பினாங்குப் பாலம் கைகொடுத்தது. 1985-இல் திறந்த, 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம். சாலை காலியாக இருந்தால் ஒரு சிறிய நிருபத்துக்கு மேல் தாங்காது. பிறை தொழிற்பேட்டைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிய காலையில் ரோமர் நிருபம் முழுவதும் கேட்டு, இன்னொன்றும் தொடங்கலாம். நீடிய பொறுமையைப் பற்றிய வசனம் ஓடும்போது ஒரு மோட்டார்சைக்கிள் பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வருவது எந்த மொழிபெயர்ப்பிலும் இல்லை.

ஜெபத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். குடும்ப ஜெபம் என்றால் எங்கள் பெரியப்பா. மாமன்னரில் தொடங்கி, அமைச்சர்கள், மிஷனெரிகள், கடல் பிரயாணிகள், நோயாளிகள், இந்தியாவிலுள்ள உறவுகள் என்று வரிசையாக வருவார். சாப்பாட்டு மேசையிலிருந்த மீன்குழம்பு ஆறி ஏடு கட்டும். பிள்ளைகளில் ஒருவன் தூங்கிச் சரிவான். பவுல் நள்ளிரவுவரை பிரசங்கித்துக்கொண்டே போனதில் ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த சம்பவம் அப்போஸ்தலர் நடபடிகளில் பதிவாகியிருக்கிறது. எங்கள் வீடு ஒரே தளம் என்பதால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

விடாமல் ஜெபிப்பதைப் பற்றி இயேசு சொன்ன இரண்டு உவமைகளும் லூக்காவில் இருக்கின்றன. இரண்டுமே சிரிப்புக் கதைகள். நாம்தான் அவற்றைத் துக்கவீட்டுக் குரலில் பிரசங்கிக்கிறோம். ஒன்றில், நடுராத்திரியில் விருந்தாளி வந்துவிட்டதால் ஒருவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். பினாங்குக்காரருக்கு இதன் அவசரம் உடனே பிடிபடாது. அந்த நேரத்துக்கு மாமாக் சாப்பாட்டுக் கடை திறந்திருக்குமே, சிநேகிதனை ஏன் எழுப்ப வேண்டும்? மற்றதில், யாரையும் மதிக்காத ஒரு நீதிபதியிடம் ஒரு விதவை நடையாய் நடக்கிறாள். கையில் பணம் இல்லை, தெரிந்த ஆள் இல்லை. கடைசியில் அவன் நியாயத்துக்காக அல்ல, இவள் தொல்லை தாங்காமல் தீர்ப்புச் சொல்கிறான்.

இந்த இரண்டு பேரிடமும் அட்டவணை இல்லை என்பதை நான் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. அவனுக்கு வீட்டில் பசித்த விருந்தாளி இருந்தான். விடாப்பிடி என்பது அவர்கள் பழகிக்கொண்ட நல்லொழுக்கம் அல்ல; வேறு போக்கிடம் இல்லாததால் வந்தது. பிள்ளை வேண்டி ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுத அன்னாளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலியே தப்பாக நினைத்தார். அட்டவணைப்படி ஜெபிக்கிறவர்களை யாரும் அப்படிச் சந்தேகப்பட்டதில்லை. பிரிஸ்டல் நகரத்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர், வேதாகமத்தை ஏறக்குறைய 200 தடவை வாசித்தவர் என்பார்கள். மனுஷரிடம் நன்கொடை கேட்பதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு தேட வேண்டியிருந்த ஆள் அவர். எனக்குக் காலைச் சாப்பாடு ரொட்டி சானாய். நாலு எட்டு நடந்தால் கிடைக்கிறது. பசி இல்லாதவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நான் லேவியராகமத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா 513 படி ஏறுவதும் கால் பலத்தால் அல்ல, மகனுக்காக. இந்த ஒப்பீட்டை எங்கள் போதகர் ரசிக்கமாட்டார். அக்காவும் ரசிப்பாரோ என்னவோ.

எங்கள் குடும்பத்தில் அந்த விதவைக்கு வாரிசு என்றால் என் சித்திதான். சித்தி எந்த வருஷமும் வேதாகமத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்ததில்லை. அவளிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் இருக்கிறது. பேர், பக்கத்தில் பிரச்சினை, பதில் வந்ததும் ஒரு கோடு. யாருக்காவது கடன் தொல்லை என்றால், எலிசா காலத்தில் எண்ணெய் விற்றுக் கடன் அடைத்த விதவையைத் தேடி இரண்டாம் இராஜாக்களுக்குப் போவாள். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் அதே புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், பதினைந்து வருஷம் கூடுதலாக வாங்கிய எசேக்கியாவைப் பிடிப்பாள். தேவையானது கிடைத்ததும் மூடிவிடுவாள். இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போனதில் எங்கள் எல்லோரையும்விட அதிக வேதம் அவளுக்குத்தான் தெரியும்.

அந்த நோட்டில் மிக நீண்டகாலம் கோடு விழாமல் கிடந்தது என் மாமாவின் பேர். அவர் சிகரெட்டை விட வேண்டும். சித்தி உபவாசம் இருந்து பார்த்தாள், ஜெபக்கூட்டங்களில் விண்ணப்பம் கொடுத்தாள். மாமா கூட்டம் முடியும் வரை வாசலில் நின்று புகைத்துவிட்டு, உள்ளே வந்து வடை சாப்பிட்டுப் போவார். 2015 இறுதியில் அரசாங்கம் புகையிலை வரியை ஏற்றியதில் ஒரு பாக்கெட் 17 வெள்ளி ஆயிற்று. மாமா ஒரே வாரத்தில் விட்டுவிட்டார். இது விலைவாசி செய்த வேலை என்று நாங்கள் சொல்ல வாயெடுப்பதற்குள், சித்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னாள்: "ஆண்டவர் நிதியமைச்சரையும் பயன்படுத்துவார்."

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாதிப் பக்கத்தில் என் பேர் இருந்தது. கோடு இல்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, கடனும் இல்லை. எதற்காக என்று கேட்டேன்.

"தினம் வேதம் வாசிக்கணும்னு தம்பி."

"எத்தனை வருஷமா சித்தி?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. நோட்டை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "உனக்கு எதுக்குடா வரி போடச் சொல்லி நான் கேக்குறது?"