மாமா தந்த மெஷினும் மாப்பிள்ளையின் கடமைகளும்

சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் வாழ்த்துகள். வீடு பெண்ணுடையது, வளவும் பெண்ணுடையது. உங்களுடையது என்று சொல்ல ஒரு உடுப்புப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் எது பழுதானாலும் அந்தப் பழுது உங்களுடையது. மாமனாரின் தம்பி, அதாவது உங்கள் மனைவிக்குச் சாச்சா, உங்களுக்கு மாமா, கலியாணத்துக்குத் தந்த வாஷிங் மெஷின் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுற்றாமல் நிற்கும் நாளில் இது விளங்கும். அந்த நாளுக்குத்தான் இந்த வழிகாட்டி.

முதல் புத்திமதி: பில்லைக் கேட்காதீர்கள். "மாமா, அந்த மெஷின்ட பில் இரிக்கா?" என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அவர் காதில் விழுவது "என்ன விலைக்கு வாங்கின?" என்பதுதான். பில்லில் விலை இருக்கிறது. விலைக்குக் கீழே பெருநாள் கழிவும் இருக்கிறது. அவ்வளவு பெரிய பெட்டியைப் பட்டா லொறியில் ஏற்றிவந்து, தெருவே பார்க்க இறக்கிய மனிதர் அந்தக் கழிவை எப்படி உங்கள் கையில் தருவார்? லுஹருக்குக் கேட்ட கேள்வி அஸருக்குள் மாளிகைக்காட்டுக்குப் போய்விடும். இஷாவுக்குத் திரும்பி வரும்போது "மாப்புள வில பாக்கிறாராம்" என்று ஆகியிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். மாமாவுக்கே அது வேறொரு விசேஷத்தில் வந்த மெஷினாக இருந்தால் பில் மூன்றாவது வீட்டில் இருக்கும். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

பில் எப்படியோ கிடைத்துவிட்டது என்று வையுங்கள். மகிழ வேண்டாம், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இப்போதைய பில்லில் மை இல்லை. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சுத்தான் தாளில் இருக்கிறது. வெயிலும் வெக்கையும் எண்ணெய்க் கையும் பட்டால் எழுத்து மங்கிவிடும். கவனமான ஆட்கள் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைப்பார்கள். சில உறைகளில் இருக்கும் இரசாயனம் எழுத்தை இன்னும் வேகமாகத் தின்றுவிடும். இரண்டு வருட வொரண்டிக்கு ஒரு வருடம்கூட நிலைக்காத தாளைக் கொடுத்தவரின் மூளையை நான் மெச்சுகிறேன். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் தப்பலாம். வாங்கிய அன்று உங்களைத்தான் யாருக்கும் தெரியாதே.

அடுத்தது வொரண்டி காட். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "10 வருடம்" என்று இருக்கும். அது மோட்டாருக்கு. மோட்டாரைச் சுற்றவைக்கும் மற்றச் சாமான்களுக்கு வேறு கணக்கு. வந்து பார்ப்பவரின் கூலிக்கும் ஏற்றி இறக்கும் செலவுக்கும் இன்னொரு கணக்கு. பின்பக்கத்தில் பொடி எழுத்து. மின்னல், கூடிக் குறையும் கரண்ட், துரு, எலி, பல்லி, கரப்பான் ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் உப்புக்காற்றையும் பல்லியையும் கழித்துவிட்டால் ஒரு மெஷினுக்கு வேறு என்னதான் வரப்போகிறது?

இனிப் போன் எடுங்கள். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்வார்கள். அழுத்துங்கள். இனிமையான சிங்களத்தில் ஒரு பிள்ளை பேசும். நாள் பார்த்து எடுப்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, இங்கே கடை இல்லை. சனி பகலோடு கொழும்பு பூட்டிவிடும். ஞாயிறு யாருமில்லை. மாதாமாதம் போயா. இடையில் நோன்பு, பெருநாள், சித்திரைப் புதுவருடம், வெசாக். எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து உங்கள் மெஷினுக்கு ஓய்வு கொடுக்கும் இந்த ஒற்றுமையை வேறெங்கும் காணமுடியாது. "ஆள் வரும்" என்பார்கள். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு முன்னா பின்னா என்று மட்டும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காத்திருப்பில் ஒரு சோதனை வரும். பக்கத்துத் தெரு எலெக்ட்ரிக் பாஸ் தேநீர் குடிக்க வந்த சாக்கில் மெஷினில் காதை வைப்பார். "உறுமுது, ஆனா சுத்துதில்ல. கெப்பாசிட்டர்தான் மனே. பத்து நிமிச வேல" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அவர் ஸ்குரூ டிரைவரைத் தொட்டாலே சீல் உடையும், வொரண்டி போகும். ஆகவே, திருத்தக்கூடிய மனிதரைத் தேநீரோடு அனுப்பிவிட்டு, வராத மனிதருக்காகக் காத்திருங்கள். அதற்குள் உடுப்புகளைக் கையால் கும்முவது யார் என்ற கேள்வியும் எழும். மாப்பிள்ளைக்கு வேறு என்ன வேலை?

சவூதியிலிருந்து காக்கா அனுப்பிய மெஷின் என்றால் சங்கதி வேறு. அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. 60க்கென்று கட்டிய சாதாரண மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் கூடும். வொரண்டி காட் அரபியில் இருக்கும். அரபெழுத்து என்பதால் உம்மம்மா அதைக் கீழே வைக்க விடமாட்டா. நமது வீடுகளில் ஒருபோதும் தொலையாத வொரண்டி காட் அது ஒன்றுதான். பாவிக்க வேண்டுமென்றால் றியாதுக்குத்தான் போகவேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான விவகாரம், அதற்கு மாமாவைத்தான் கூட்டிப்போக வேண்டும். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளைப் பயன்படுத்துகிறவரையும் பாவனையாளராக எடுத்துக்கொள்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிட நமது அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம்.

முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மெஷின் நின்ற நாளிலிருந்து அல்ல, மாமா கடையில் காசு கட்டிய நாளிலிருந்து. நோன்புப் பெருநாள் கழிவில் வாங்கிவைத்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நடந்த கலியாணத்தில் தந்திருந்தால், நீங்கள் "கபில்து" சொல்லும்போதே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. மிச்ச நாட்களில் வீட்டுக்கு வீடு விருந்து. மாமா வீட்டு விருந்தும் அதில் ஒன்று. அவர் தன் கையால் உங்கள் கோப்பையில் இறைச்சியை அள்ளிப் போடும் நேரத்தில், பில்லைக் கேட்கிற நாக்கு யாருக்கு இருக்கிறது?

ஆனாலும் முயன்று பாருங்கள். மாதிரி இதோ.

பொருள்: வாஷிங் மெஷின்.
பழுது: தண்ணீர் எடுக்கும், உறுமும், சுற்றாது.
முறைப்பாட்டாளர்: மருமகன்.
விற்ற கடை: தெரியும், சொல்ல இயலாது.
விற்ற திகதி: கலியாணத்துக்கு முன்.
விலை: (இந்த இடத்தை வெறுமையாக விடவும். கொமியூனிகேஷனில் இதைத் தட்டச்சு செய்யும் பொடியன் மாமாட மகன்ட கூட்டாளி.)